டீம் லீட் ஆக்குவது பரிசு அல்ல: மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ராஜீவ் காந்தி சாலையிலும் கோவையிலும் இயங்கும் மென்பொருள் சேவை நிறுவனங்களின் மனிதவளத் தலைவர்களுக்கும் டெலிவரித் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

அப்ரைசல் காலம் நெருங்குகிறது. யாருக்கு எவ்வளவு ஹைக், யாருக்கு என்ன ரேட்டிங், யார் அடுத்த கிரேடுக்குப் போகிறார்கள் என்ற பட்டியல் சீக்கிரமே உங்கள் மேஜைக்கு வரும். 'சீனியர் டெவலப்பர்' என்பதற்கு எதிரே 'டீம் லீட்' என்று எழுதிய வரிகள் அதில் நிறைய இருக்கும். அந்த வரிகளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். நானும் இந்தத் துறையில் டெவலப்பராகச் சேர்ந்து, லீடாக இருந்து, இப்போது சில லீடுகளுக்கு மேலாளராக வேலை பார்க்கிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். நல்ல டெவலப்பர் ஒருவரை டீம் லீடாக்குவதை நாம் பதவி உயர்வு என்கிறோம். உண்மையில் அது வேலை மாற்றம். நேற்று வரை கோட் எழுதியவரை இன்று முதல் வேறொரு தொழிலுக்கு அனுப்புகிறோம். அப்படியானால் அதை வேலை மாற்றமாகவே நடத்துங்கள். வேலையைக் கற்றுக்கொடுங்கள், அதற்கு நேரம் ஒதுக்குங்கள், ஒத்துவராவிட்டால் மரியாதையோடு திரும்பிவர விடுங்கள். சம்பளம் ஏற இது ஒன்றே வழி என்ற நிலையையும் மாற்றுங்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தின் உருவாக்கத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், அந்த அனுபவத்தை வைத்து 1975-இல் எழுதிய நூலிலேயே இதைச் சொல்லிவிட்டார். தொழில்நுட்பப் பாதையில் இருக்கும் ஒருவரை அதற்கு இணையான நிர்வாகப் பதவிக்கு மாற்றும்போது சம்பளத்தைக் கூட்டக் கூடாது, அதைப் பதவி உயர்வு என்று அறிவிக்கவும் கூடாது, இட மாற்றம் என்றே அறிவிக்க வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. நிர்வாகத்திலிருந்து தொழில்நுட்பத்துக்குத் திரும்புகிறவருக்குக் கட்டாயம் சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்றும் எழுதினார். மேலாளர் என்றால் உசத்தி என்று ஊரே நினைக்கும்போது, தராசைத் தொழில்நுட்பத்தின் பக்கம் கொஞ்சம் அழுத்தித்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நாம் ஐம்பது வருடமாக இதற்கு நேர்மாறாகத்தான் செய்துவருகிறோம்.

ஏன் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளையண்டுக்கு நாம் விற்பது பெரும்பாலும் ஆள் கணக்கு, மணிக் கணக்கு. ரேட் கார்டில் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு விலை. பிரமிடின் அடியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறைய இருந்தால்தான் திட்டத்தில் லாபம் நிற்கும். பத்து வருட அனுபவத்தோடு ஒருவர் டெவலப்பராகவே இருந்தால் அவர் சம்பளம் ஏறிக்கொண்டே போகும், ரேட் கார்டில் டெவலப்பருக்கான விலை ஏறாது. அதனால் அவரை மேலே தள்ளி, கீழே நான்கு ஃப்ரெஷர்களை வைக்கிறோம். அவருடைய சம்பளத்தை அந்த நான்கு பேர் சுமக்கிறார்கள். இந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்லவில்லை. நிறுவனம் நடக்க வேண்டும், எல்லாருக்கும் சம்பளம் வர வேண்டும். ஆனால் கணக்குக்காக எடுத்த முடிவை, 'உன் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம்' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அவர் அதை நம்பிவிடுகிறார்.

வீட்டிலும் அதைத்தான் நம்புகிறார்கள். கல்யாண வீட்டில் உறவினர்கள் கேட்கும் கேள்வி என்ன? "உனக்குக் கீழ எத்தனை பேர்ப்பா?" முப்பது வயதைத் தாண்டியும் "கோடிங்தான் பண்றேன் மாமா" என்று சொன்னால் முகம் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2010-இல் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை வந்த பிறகு, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய பொறியாளர்கள் எத்தனையோ பேர் நம் அலுவலகங்களுக்கு வந்தார்கள். அவர்கள் பின்னால் ஒரு குடும்பமே காத்திருக்கிறது. 'லீட்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் அதை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்?

சரி, லீட் ஆகிவிட்டார். அப்புறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

முதலில், அவருடைய பழைய வேலை குறைவதே இல்லை. திட்டத்தின் ஒதுக்கீட்டுத் தாளில் அவர் இன்னும் நூறு சதவீதம் பில்லபிள், அதாவது அவருடைய முழு நேரத்துக்கும் கிளையண்டிடம் பணம் வாங்குகிறோம். எட்டுப் பேரின் வேலையைப் பிரித்துக் கொடுப்பது, ரிவ்யூ பார்ப்பது, லீவு கேட்பவருக்கு மாற்று ஏற்பாடு செய்வது, எஸ்கலேஷன் வந்தால், அதாவது புகார் மேலிடம் வரை போனால், கிளையண்டுக்குப் பதில் சொல்வது எல்லாம் அந்த நூறுக்கு மேல். இவற்றுக்கு டைம்ஷீட்டில் ஒரு கோடுகூட இருக்காது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை பத்து மணிக்கு வைத்த கூட்டம் கோடையில் நமக்கு மாலை ஏழரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதே கூட்டம் எட்டரைக்குப் போய்விடும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படித்தான். அந்தக் கூட்டம் முடிந்த பிறகுதான் அவர் தன் கோட்டைத் திறக்கிறார். மேலே டெலிவரி மேனேஜர், கீழே டீம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலைமைதான்.

இரண்டாவது, இதைவிட ஆழமானது. அவரை இதுவரை உயர்த்திய பழக்கமே இப்போது அவரைக் கவிழ்க்கிறது. இதை நான் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இரவு பத்தரை மணி. புதிதாக லீடான ஒருவர், ஜூனியர் தான் எழுதிய கோடைச் சேர்க்கச் சொல்லி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டைத் திறக்கிறார். வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பும் பகுதி அது. பதில் வரத் தாமதமானால் சிஸ்டம் தானாக மறுபடி முயலும்படி ஜூனியர் எழுதியிருக்கிறார். ஆனால் முதல் முயற்சியிலேயே பணம் போய்விட்டதா என்று பார்க்கும் வரி இல்லை. அப்படியே விட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை ரீஃபண்ட் போய்விடும். காலையில் ரிலீஸ். கமெண்ட் போட்டு, விளக்கி, அவர் திருத்தி அனுப்பும்வரை காத்திருந்தால் நாளை மதியம் ஆகிவிடும். தானே எழுதினால் நாற்பது நிமிடம். எழுதிவிடுகிறார். ரிலீஸ் நல்லபடியாகப் போகிறது. கிளையண்ட் நன்றி சொல்லி மெயில் அனுப்புகிறார்.

காலையில் ஜூனியர் வந்து பார்க்கிறார். அவர் எழுதியதில் பாதி இல்லை. ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்கத் தயக்கம். அடுத்த முறை அவர் அனுப்பும் கோட் கொஞ்சம் அரைகுறையாக வரும், எப்படியும் அண்ணன் மாற்றிவிடுவார் என்ற நினைப்பு. அதற்கடுத்த முறை இன்னும் அரைகுறை. சில மாதங்களில், அந்த லீட் ஒரு நாள் லீவு போட்டால் திட்டமே நிற்கும் நிலை வந்துவிடுகிறது. நாம் அவரைக் கூப்பிட்டு விருது கொடுக்கிறோம். அந்த ஜூனியர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பது எந்த அறிக்கையிலும் வராது.

இதே இடத்தில் தேர்ந்த லீட் ஒருவர் ஒரே ஒரு வரி கமெண்ட் போடுவதையும் பார்த்திருக்கிறேன்: "நெட்வொர்க் நடுவில் அறுந்துபோய் இதே ரிக்வெஸ்ட் இரண்டாம் தடவை வந்தால் என்ன ஆகும்?" அவ்வளவுதான். புல் ரிக்வெஸ்ட்டை அனுப்பிய ஜூனியர் பெண் அரை நாள் யோசித்தாள். ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் தனி எண் ஒன்றை வைத்து, அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மறுபடி அனுப்பாமல் விடும்படி மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதிய எதிலும் இந்தத் தவறு வரவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவருக்கும் அவளே சொல்லிக்கொடுத்தாள்.

லீடின் வேலை அந்த ஒற்றை வரிதான். தன்னால் நாற்பது நிமிடத்தில் முடியும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. இது பிறவியில் வருவதில்லை, கோட் நன்றாக எழுதினால் தானாக வந்துவிடுவதும் இல்லை. யாராவது பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த அரை நாள் பிளானில் இருக்க வேண்டும். அரை நாளுக்கு இடமில்லாத பிளானைக் கையில் கொடுத்துவிட்டு, 'டீமை வளர்க்கத் தெரியவில்லை' என்று அப்ரைசலில் எழுதுவது நியாயமா?

டீம் பெரிதாகும்போது என்ன ஆகிறது என்பதற்கும் புரூக்ஸ் ஒரு எளிய கணக்குச் சொன்னார். ஐந்து பேர் உள்ள டீமில் இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 10 தொடர்புகள். பத்துப் பேரானால் 45. ஆள் இரண்டு மடங்கு, பேசித் தீர்க்க வேண்டியது நாலரை மடங்கு. ரிலீஸ் தள்ளிப்போகிறது என்று திட்டம் எதுவும் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் நான்கு பேரைத் தூக்கி ஒரு புதிய லீடின் டீமில் போடும்போது, அவர் தலையில் எதை ஏற்றுகிறோம் என்பதை இந்தக் கணக்கு காட்டும். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று புரூக்ஸ் சொன்னதும் இதனால்தான்.

மேலாளரே தேவையில்லை என்பவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. கூகுள் 2002-இல் பொறியாளர்களுக்கு மேலாளர்களே வேண்டாம் என்று செய்து பார்த்தது. செலவுக் கணக்கிலிருந்து ஊழியர்களுக்குள் வந்த சச்சரவு வரை எல்லாம் நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போய் நின்றன. சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டார்கள். பிறகு தங்கள் மேலாளர்களையே ஆராய்ந்து, நல்ல மேலாளரிடம் இருக்கும் எட்டுப் பழக்கங்களைப் பட்டியல் போட்டார்கள். அதில் முதலில் நின்றது, நல்ல பயிற்சியாளராக இருப்பது. எட்டாவது, கடைசி இடத்தில்தான் தொழில்நுட்பத் திறமை வந்தது. அது வேண்டும், இல்லாமல் முடியாது, ஆனால் அது மட்டும் போதாது. நாம் லீடைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கடைசி ஒன்றை மட்டும்தானே பார்க்கிறோம்?

இப்போது நல்ல லீட் முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறார் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியல் படிப்புக்கு 2021-இல் வந்தது. அதில் சேர்ந்த முதல் அணி 2025-இல் படிப்பை முடித்தது. இந்தப் பிள்ளைகள் நம் டீம்களுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அன்றாட நிலவரம் சொல்லும் ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் தன் முறை வரும்போது "நோ பிளாக்கர்ஸ்" (வேலைக்குத் தடை எதுவும் இல்லை) என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடும் ஒரு பையனை எனக்குத் தெரியும். பிளாக்கர் இருந்தது. அதை இங்கிலீஷில் விளக்கப் பயந்துதான் சொல்லவில்லை. அவனுடைய லீட் கூட்டம் முடிந்ததும் டீ குடிக்கக் கூட்டிப்போய், "என்னப்பா ஆச்சு, தமிழ்லயே சொல்லு" என்றார். டேட்டாபேஸில் ஒரு பூட்டு எங்கே சிக்குகிறது, எந்த நேரத்தில் மட்டும் சிக்குகிறது என்று பத்து நிமிடத்தில் அவ்வளவு துல்லியமாகச் சொன்னான் அந்தப் பையன். அடுத்த வாரம் அதையே கிளையண்ட் முன்னால் இங்கிலீஷில் சொல்ல அவனைத் தயார் செய்ததும் அதே லீட்தான். உங்கள் பயிற்சித் துறை எத்தனை வகுப்பு வைத்தாலும் இந்த டீக்கடை பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. ஆனால் நூறு சதவீதம் பில்லபிளாக இருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்?

கோட் எழுதித் தரும் ஏஐ கருவிகள் வந்த பிறகு இந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. எழுதுவது வேகமாகிவிட்டது, படித்துப் புரிந்து பொறுப்பேற்கும் வேலை லீடின் மேஜையில் குவிகிறது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லீட் வாய்ப்பு பெரும்பாலும் ஆறேழு வருட அனுபவத்தில் வருகிறது. கல்யாணம், குழந்தை என்று வரும் வயதும் அதுதான். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு கிடைக்கிறது. விடுப்பை நீங்கள் தருகிறீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது அவருடைய மாட்யூல் வேறொருவர் கையில் இருக்கிறது, 'இந்த வருடம் விசிபிலிட்டி இல்லை' என்று ஒரு சராசரி ரேட்டிங் காத்திருக்கிறது. இரவு எட்டரை மணிக் கூட்டத்துக்கு வர முடியாதவரை லீட் பட்டியலில் இருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறோம். யாரும் தடை சொல்வதில்லை, ஆனால் டீமில் நிறைய இருந்த பெண்கள் மேலே போகப் போகக் காணாமல் போகிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கிளையண்டிடம் பேசி ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்த முடியுமா என்று கேட்டுப் பார்த்த டெலிவரித் தலைவர்கள் இருக்கிறார்கள். பல கிளையண்டுகள் சரி என்றுதான் சொல்கிறார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

ரேட்டிங் என்றதும் பெல் கர்வ் நினைவுக்கு வருகிறது. இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே பிரித்துவிடும் முறை அது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரிலேயே ஊழியர்களை இப்படிக் கட்டாயமாகத் தரம்பிரிக்கும் முறையைக் கைவிட்டது. நம்மில் சிலர் கைவிட்டதாக அறிவித்துவிட்டு வேறு பெயரில் வைத்திருக்கிறோம். எட்டுப் பேர் டீமில் ஒருவரையாவது கீழே போட்டே ஆக வேண்டும் என்று புதிய லீடிடம் சொல்லி அனுப்பினால், அவர் அந்த ஒருவரின் நம்பிக்கையை மட்டும் இழப்பதில்லை. மற்ற ஏழு பேரும் அடுத்த வருடத்தில் இருந்து அவரிடம் பிரச்சினையைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். திரும்பும் வழி.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், நான் பார்த்ததிலேயே நல்ல டெவலப்பர்களில் ஒருவர். ப்ரொடக்‌ஷனில் எது உடைந்தாலும் சிஸ்டம் பதிந்துவைக்கும் லாகைப் படித்து எங்கே என்று சொல்லிவிடுவார். அவரை லீடாக்கினார்கள். ஒரு வருடம் மனமே இல்லாமல் ஓட்டினார். பிறகு நேர்மையாகப் போய், "எனக்கு இது வரவில்லை, நான் டெவலப்பராகவே இருந்துகொள்கிறேன்" என்றார். அப்படி மாற்ற சிஸ்டத்தில் வழியில்லை, கிரேடைக் குறைத்தால் சம்பளமும் குறையும் என்று பதில் வந்தது. ராஜினாமா கொடுத்தார். 90 நாள் நோட்டீஸ் பீரியடையும் ஒழுங்காக முடித்துவிட்டு, கூடுதல் சம்பளத்தில் வேறோர் இடத்தில் டெவலப்பராகச் சேர்ந்தார். அந்த நிறுவனம் ஒரே நேரத்தில் ஒரு லீடையும் இழந்தது, ஒரு டெவலப்பரையும் இழந்தது.

இணையான தொழில்நுட்பப் பாதை எங்களிடம் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் என்று பெயர்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதவியில் இருப்பவர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? புதிய ஒப்பந்தத்துக்கான ஸ்லைடு தயாரிக்கிறார். கோட்டுக்கும் அவருக்கும் தொடர்பு அறுந்து வருடங்கள் ஆகியிருக்கும். ஐபிஎம் 1960-களின் தொடக்கத்திலேயே 'ஃபெல்லோ' என்ற உச்ச நிலையை ஏற்படுத்தி, தன் சிறந்த பொறியாளர்கள் நிர்வாகத்துக்குப் போகாமலேயே மேலே வர வழி செய்தது. அந்த அளவுக்கு வேண்டாம். இருபது வருட அனுபவத்தோடு இன்றும் கோட் எழுதுகிற ஒருவர் உங்கள் தளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் சம்பளம் டெலிவரி மேனேஜரின் சம்பளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 'இந்த ரிலீஸ் போகக் கூடாது' என்று அவர் சொன்னால் நிற்க வேண்டும். ஃப்ரெஷர் ஒருவர் அவரைப் பார்த்து, இப்படியும் ஆகலாம் என்று நினைக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். யாரையும் நேரடியாக லீடாக்காதீர்கள். ஆறு மாதம் பொறுப்பில் வைத்துப் பாருங்கள், அந்த ஆறு மாதமும் அவருடைய பில்லிங்கைப் பாதியாக்குங்கள், மீதிப் பாதியின் செலவை நிறுவனம் ஏற்கட்டும். இன்னொரு டீமின் மூத்த லீட் ஒருவர் வாரம் ஒருமுறை அவரோடு உட்காரட்டும். உட்காருகிறவர் அவருக்கு ரேட்டிங் போடுபவராக இருக்கக் கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் நீங்களும் அவரும் சேர்ந்து முடிவெடுங்கள். அவர் 'வேண்டாம்' என்றால் பழைய இடம், பழைய சம்பளம், அந்த வருட ஹைக் எதுவும் குறையாது என்பதை முதல் நாளே கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், மேலாளர் மாறினால் வாய்வார்த்தை காற்றோடு போய்விடும். சேவை நிறுவனங்களின் லாப விகிதம் தெரிந்துதான் இதைக் கேட்கிறேன். ஒரு லீட் நொந்துபோய் வெளியேறினால், அவருக்கு மாற்று தேடவும், புதியவர் திட்டத்தைப் புரிந்துகொள்ளவும், அவரோடு சேர்ந்து கிளம்பும் ஜூனியர்களை ஈடுகட்டவும் ஆகும் செலவை உங்கள் நிதித் துறையிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இந்த மடலுக்கு நீங்கள் நீளமாகப் பதில் எழுத வேண்டியதில்லை. இரண்டு கேள்விகளுக்கு மட்டும், உங்கள் ஊழியர்கள் எல்லாரும் பார்க்கும்படி பதில் சொல்லுங்கள். கடந்த மூன்று வருடங்களில் டீம் லீடாக இருந்துவிட்டு, தானே விரும்பி டெவலப்பராகத் திரும்பியவர்கள் உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்? அடுத்த அப்ரைசலில் அவர்களுக்கு என்ன ரேட்டிங் கொடுத்தீர்கள்?

இப்படிக்கு,
பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மேலாளர்